பழைய உத்தரமும் சி.என்.சி. மெஷினும்: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பத்தூர் பக்கம் ஒரு சின்ன பட்டறை எங்களுடையது. நகரத்தில் இடிபடும் வீடுகளிலிருந்து வரும் உத்தரம், கதவு, ஜன்னல், செங்கல் ஆகியவற்றை அளந்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, கம்ப்யூட்டர் சொல்படி தானே வெட்டும் சி.என்.சி. மெஷினில் வெட்டி, இன்னொரு வீட்டில் பொருத்துகிறோம். போனிலும் நேரிலும் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறோம்.

பழைய சாமானை வைத்து வீடு கட்டுவது நம் ஊரில் புதிதில்லையே. இதில் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை?

புதிதில்லைதான். தாத்தா வீட்டு நிலைக்கதவைப் புது வீட்டு வாசலுக்குக் கொண்டுவராத குடும்பம் குறைவு. காரைக்குடிக்குப் போய்த் தூணும் கதவும் வாங்கி வருகிறவர்களும் உண்டு. ஆனால் ஒரே ஒரு கதவு என்றால் சமாளித்துவிடலாம். கொத்தனாரிடம் அளவைச் சொன்னால் அதற்கேற்பச் சுவரை நிறுத்திவிடுவார். நாற்பது உத்தரம் வந்து இறங்கினால்தான் சிக்கல். ஒன்று பத்தடி, ஒன்று பதினொன்றே கால். ஒன்று வளைந்திருக்கும், ஒன்றின் நுனி இற்றுப்போயிருக்கும்.

புது மரமென்றால் வரைபடம் முதலில், மரக்கடை பிறகு. பழைய மரத்துக்கு அந்த வரிசை தலைகீழ். கையில் இருப்பதைப் பார்த்துத்தான் வரையவே ஆரம்பிக்க முடியும். பாதி வேலையில் ஒரு கட்டை பிளந்துவிட்டால் மொத்தத்தையும் திரும்ப வரைய வேண்டும். அதனால்தான் நாங்கள் கூரையை நிலையான கோடுகளாக வரைவதில்லை. கட்டைகளுக்கு நடுவே எத்தனை அங்குலம் இருக்கலாம், குறைந்தது எவ்வளவு நீளம் வேண்டும் என்று விதிகளாக எழுதுகிறோம். ரைனோ என்ற முப்பரிமாண வரைபட மென்பொருளும், அதற்குள் இருந்து விதிகளைக் கொண்டு வரையும் கிராஸ்ஹாப்பரும் இதற்கு உதவுகின்றன. ஒரு கட்டையில் ஒன்றரை அடியைக் கரையான் தின்றிருந்தால் அந்த ஒரு எண்ணை மாற்றுவோம், மற்ற கட்டைகள் திரையில் நகர்ந்து இடம் கொடுக்கும். எந்தக் கட்டையும் உதவாது என்றால் அதையும் சொல்லிவிடும். மரத்தை வெட்டிய பிறகு தெரிந்துகொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

மெட்ராஸ் டெரஸ் வீட்டை இடித்தால் அப்படி என்ன கிடைக்கும்?

கேட்கும்போதே எங்களுக்கு மனசு பதறுகிற கேள்வி இது. ஏனென்றால் கிடைப்பதில் பெரும்பகுதி லாரியில் ரப்பீஸோடு ரப்பீஸாகப் போய்விடுகிறது.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன், புரசைவாக்கம் போன்ற இடங்களில் இன்னும் மிச்சமிருக்கும் அந்த வீடுகளின் கூரையை அண்ணாந்து பாருங்கள். அடியில் வரிசையாகத் தேக்கு உத்தரங்கள். அவற்றின் மேல் விரற்கடை தடிமனுள்ள சிறு செங்கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டில் சாய்த்து, சுண்ணாம்புக் காரையில் பதித்திருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கியது. அதற்கும் மேல் தட்டோடு. கம்பியும் இல்லை, சிமென்ட்டும் இல்லை.

இவ்வளவும் சுண்ணாம்பில் ஒட்டியிருப்பதால் மேலிருந்து கீழாகப் பொறுமையாக எடுத்தால் அடுக்கடுக்காகப் பிரிந்து வரும். முதலில் தட்டோடு, பிறகு ஜல்லி, பிறகு சிறு செங்கல், கடைசியில் உத்தரம். ஜேசிபியை விட்டால் நாலும் ஒன்றாகக் கலந்து குப்பையாகிறது.

உத்தரங்களில் பல அந்தக் காலத்தில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு. மியான்மர் அரசு 2014 ஏப்ரல் முதல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அந்த வைரம் பாய்ந்த கட்டையை இன்று புதிதாக வாங்கப் போனால் எளிதில் அகப்படாது. நம் தெருவிலேயே தலைக்கு மேல் நூறு வருஷமாகக் காய்ந்துகொண்டிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சுவருக்குள் புதைந்திருந்த நுனிகளை நம்பாதீர்கள். மழை ஈரம் சுவர் வழியாக இறங்கி அங்கேதான் தங்கும். நடுப்பகுதி மணி மாதிரி இருக்கும், நுனியில் உளியைக் குத்தினால் மாவாக உதிரும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடி போய்விடும் என்று வைத்துக்கொண்டே நாங்கள் கணக்குப் போடுகிறோம்.

எல்லாப் பழைய செங்கல்லையும் திரும்பப் பயன்படுத்தலாமா?

சுண்ணாம்பில் கட்டிய சுவரென்றால் பெரும்பாலும் முடியும். சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மென்மையானது. கொத்துக்கரண்டியின் பின்பக்கத்தால் தட்டினாலே காரை உதிர்ந்து கல் முழுசாக நிற்கும். சிமென்ட் கலவை செங்கல்லைவிடக் கெட்டியானது. பிரிக்கப் போனால் கலவை விடாது, கல்தான் உடையும். பிந்தைய காலத்தில் சிமென்ட்டில் கட்டிய சுவர்களிலிருந்து எங்களுக்கு முழுச் செங்கல் அதிகம் கிடைப்பதில்லை, அவை ஜல்லிக்குத்தான் போகின்றன.

கல் நல்லதா என்று பார்க்க இரண்டைத் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும். பிறகு தராசு. காய்ந்த கல்லை நிறுத்து, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி நிறுங்கள். எடை 20 சதவீதத்துக்கு மேல் ஏறினால் ஒதுக்கிவிடுங்கள். மூன்று கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டக் கூடாது. கடலோர வீட்டுக் கல்லென்றால் ஊறிய பிறகு காயவிட்டு, வெள்ளையாக உப்புப் பூக்கிறதா என்றும் கவனியுங்கள்.

பழைய மரத்தை சி.என்.சி. மெஷினில் போட்டால் அதன் வெட்டும் முனையான பிட் உடைந்துவிடும் என்கிறார்களே?

உடையும். எங்களுக்கே உடைந்திருக்கிறது. பட்டறை தொடங்கிய முதல் வருஷம், வெளியே தெரிந்த ஆணிகளையெல்லாம் பிடுங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் ஒரு உத்தரத்தை மெஷினின் பெட்டில், அதாவது வெட்டும் மேசையில், ஏற்றினோம். நிமிஷத்துக்கு 18,000 சுற்று ஓடிக்கொண்டிருந்த பிட், அரை அங்குல ஆழத்தில் தலையில்லாத ஒரு ஆணியைச் சந்தித்தது. கீச்சென்று ஒரு சத்தம், ஒரு பொறி, உடைந்த துண்டு எதிர்ச் சுவரில் போய்க் குத்தி நின்றது. மரத்தூள் நிறைந்த இடத்தில் பொறி பறந்ததை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அன்றிலிருந்து எந்தக் கட்டையும் மூன்று சோதனை தாண்டாமல் மெஷினுக்குப் போவதில்லை.

முதல் சோதனை கண். இரும்பு பட்ட இடத்தில் தேக்கு கறுத்துப்போகும். அரையணா அளவுக்கு ஒரு கருவளையம் தெரிந்தால் நடுவில் ஆணி இருக்கிறது அல்லது இருந்திருக்கிறது. இரண்டாவது, நூலில் கட்டிய சிறு நியோடிமியம் காந்தம். கட்டையின் நாலு முகத்திலும் மெதுவாக இழுத்துப் போனால் ஆணிக்கு மேல் வந்ததும் நூல் சாயும். மூன்றாவது, கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டர். காந்தம் பிடிக்காத பித்தளைத் திருகாணிகளை அதுதான் காட்டும். எடுக்க முடியாத ஆணியைச் சுற்றிச் சாக்பீஸால் கட்டம் போட்டு, அந்த இடத்தைக் கம்ப்யூட்டரிலும் "தொடாதே" என்று குறித்துவிடுவோம். வெட்டும் பாதை அதைச் சுற்றிக்கொண்டு போகும்.

போனை வைத்தே ஸ்கேன் பண்ண முடியுமா?

என்ன வேலைக்கு என்பதைப் பொறுத்தது. நேரான உத்தரத்துக்கு ஸ்கேனே வேண்டாம். டேப்பும், நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் கருவியும் போதும். அகலம், உயரம் இரண்டையும் மூன்று இடத்தில் எடுங்கள், நுனிக்கு நுனி நூல் பிடித்து வளைவை அளந்துகொள்ளுங்கள். செதுக்கிய தூண், கோணலான கிளை, பாதி உடைந்த வளைவு போன்றவற்றுக்குப் போட்டோக்களிலிருந்து முப்பரிமாண உருவம் எடுக்கும் ஃபோட்டோகிராமெட்ரி நல்லது. நிழல் விழாத இடத்தில் வைத்து, சுற்றிச் சுற்றி ஒரு படத்தின் பெரும்பகுதி அடுத்த படத்திலும் வரும்படி எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைக்க மறந்தால் உருவம் வரும், அளவு வராது. சில போன்களில் இருக்கும், லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடார், அறையின் அளவைப் பிடிக்கப் போதும். கழுந்து (இன்னொரு கட்டையின் துளைக்குள் நுழையும் நாக்கு) வெட்டுமளவுக்கு நுணுக்கம் அதில் இல்லை.

எந்தக் கட்டை எங்கே போக வேண்டும் என்று மெஷினா முடிவு செய்கிறது?

கணக்கை அது போடுகிறது, முடிவு நாங்கள் எடுக்கிறோம். தையல்காரர் மிச்சத் துணியில் ரவிக்கை வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். முதுகுப் பகுதிக்கு எந்தத் துண்டு, கைக்கு எந்தத் துண்டு என்று நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார். நாற்பது கட்டை, நாற்பது இடம் என்றால் அந்த நகர்த்தல் மனிதக் கைக்கு அடங்காது. ஒவ்வொரு கட்டையையும் ஒவ்வொரு இடத்தில் வைத்தால் எவ்வளவு வெட்டி எறிய வேண்டியிருக்கும் என்று 1,600 எண்கள் கொண்ட ஒரு கட்டம் போட்டு, மொத்தக் கழிவு மிகக் குறையும் ஜோடிகளைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்று உண்டு. ஹங்கேரியன் முறை என்று பெயர். ஹரால்ட் கூன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1955-ல் வெளியிட்டது. சாதாரண லேப்டாப் அதை ஒரு நொடிக்குள் முடித்துவிடும்.

ஆனால் கழிவு மட்டும் கணக்கில்லை. ஒரு வீட்டில் பூஜை அறைக்கு மேல், அந்தக் குடும்பத்துப் பெரியவர்கள் தொட்டில் கட்டிய உத்தரம்தான் வர வேண்டும் என்றார்கள். தொட்டில் கயிறு தேய்த்த பள்ளம் அதில் அப்படியே இருந்தது. கம்ப்யூட்டர் அதைச் சமையலறைக்குத் தள்ளியிருந்தது. அந்த ஒரு ஜோடியை நாங்களே பூட்டிவிட்டு மிச்சத்தைக் கணக்கிடச் சொன்னோம். எட்டு அங்குலம் கூடுதலாக வீணானது. வீணாகட்டும்.

இணைப்புகளுக்கு ஏன் பசை வேண்டாம் என்கிறீர்கள்?

இந்த மரம் நம் கைக்கு வந்ததே, முன்னால் வேலை செய்தவர் அதைப் பிரிக்கிற மாதிரி மாட்டியதால்தான். கழுந்தும் ஆப்பும் வைத்துப் பொருத்திய நிலைக்கதவை ஒரு சுத்தியலால் கழற்றிவிடலாம். எபாக்சி ஊற்றி ஒட்டியதை அடுத்த தலைமுறை அறுத்துத்தான் எடுக்க வேண்டும், எடுத்தாலும் துண்டுதான் கிடைக்கும். அதனால் எங்கள் பட்டறையில் கழுந்து, ஆப்பு, போல்ட் மூன்று மட்டும்தான். இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. வாடிக்கையாளர் கேட்டாலும்கூட.

மெஷினில் வெட்டுகிறவர்களுக்கு ஒரு நுணுக்கம். பிட் வட்டமானது, அதனால் உள்மூலை சதுரமாக வராது. 6 மி.மீ. பிட் ஒவ்வொரு மூலையிலும் 3 மி.மீ. ஆரத்தில் சதையை விட்டுவைக்கும், சதுரமான கழுந்து உள்ளே போகாது. ஒன்று, மூலையைத் தாண்டி பிட்டைக் கொஞ்சம் உள்ளே விட்டு எடுக்கும்படி வரையலாம். இல்லையென்றால் உளியால் நாலு தட்டு. வெளியே தெரிகிற இணைப்புக்கு நாங்கள் உளியைத்தான் எடுக்கிறோம். வழக்கமான எட்டடிக்கு நாலடி பெட்டில் பன்னிரண்டடி உத்தரம் முழுசாக உட்காராது என்பதையும் மனதில் வையுங்கள். ஒரு பாதியை வெட்டித் தள்ளிவைத்து அடுத்த பாதியை வெட்ட வேண்டும். அதற்கு முன்பே கட்டையில் இரண்டு சிறு துளை போட்டு அடையாளம் வைத்துக்கொண்டால் அளவு நழுவாது.

வெளிநாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள்? நம் பக்கத்தில் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

எங்களுக்குப் பிடித்த மூன்றைச் சொல்கிறோம். இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் ஹூக் பார்க் என்று ஒரு காடு, லண்டன் ஏ.ஏ. கட்டடக்கலைப் பள்ளியுடையது. அங்கே கவையாகக் கிளைத்த பீச் மரங்களை ஸ்கேன் செய்து, 20 கவைகளைத் தேர்ந்து, ரோபோ கையால் இணைப்பு வெட்டி, 2016-ல் ஒரு கொட்டகைக்குத் தாங்கு சட்டமாக நிறுத்தினார்கள். மரத்தை நேராக்கவே இல்லை. அதன் கோணலே அங்கே பாரம் தாங்குகிறது. புயலில் சாய்ந்த மரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்தக் கொட்டகைதான் நினைவுக்கு வரும். 2016 டிசம்பர் வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. எத்தனை கவைகள் விறகாகப் போயின!

சுவிட்சர்லாந்தில் இ.பி.எஃப்.எல். தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2021-ல் மாற்றிக் கட்டப்பட்ட ஒரு கட்டடத்தின் கான்கிரீட் சுவரை 25 துண்டுகளாக அறுத்தெடுத்து, உள்ளே கம்பி இழுத்துக் கட்டி, 10 மீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாலம் ஆக்கினார்கள். சீனாவின் நிங்போ வரலாற்று அருங்காட்சியகம் (2008) இன்னொரு வகை. சீனக் கட்டடக் கலைஞர் வாங் ஷு வடிவமைத்தது. இடிக்கப்பட்ட கிராமங்களின் ஓடும் செங்கல்லும் அதன் சுவர்களில் வரிவரியாக இருக்கின்றன. அதில் ரோபோ கிடையாது, எல்லாம் கொத்தனார் கை.

நம் பக்கத்தில் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போய் வாருங்கள். 1996-ல் திறந்தது. பல ஊர்களில் இருந்த பழைய வீடுகளைப் பிரித்து, கொண்டுவந்து, திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். தூணும் உத்தரமும் சேரும் இடத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். பிரித்துச் சேர்ப்பது என்றால் என்ன என்று அங்கே புரியும்.

3டி பிரிண்டிங் வீடும் இதுவும் ஒன்றா?

வேறு வேறு. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2021-ல் ட்வஸ்டா நிறுவனம் அச்சிட்ட 600 சதுர அடி வீடு கான்கிரீட் கலவையை நாசில் வழியாகப் பிழிந்து கட்டியது. நாசிலுக்கு ஒரே சீரான கலவை வேண்டும். எங்கள் வேலை சீரில்லாத பொருளோடு. பட்டறையில் 3டி பிரிண்டரை வேறொன்றுக்குப் பயன்படுத்துகிறோம். தாழ்ப்பாளின் உடைந்த குமிழ் மாதிரியான சின்ன பாகத்தை அச்சிட்டு, அதை மாதிரியாகக் கொடுத்துப் பித்தளையில் வார்த்து வாங்குவோம்.

இடித்த கான்கிரீட்டை என்ன செய்வது?

ஏரியிலோ சதுப்பிலோ கொட்டாதீர்கள். மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டட இடிபாடுகளைப் பதப்படுத்தும் இடங்கள் உள்ளன. கான்கிரீட்டுக்கான ஜல்லி, மணல் பற்றிய இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 383-ன் 2016 பதிப்பு, இடித்த கான்கிரீட்டை உடைத்த ஜல்லியைக் கம்பி கட்டும் கான்கிரீட்டில் எம்25 தரம் வரை 20 சதவீதமும், கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதமும் சேர்க்க அனுமதிக்கிறது. தரைக்கு அடியில் போடும் மெலிந்த கலவைக்கு முழுக்கவே அதைப் போடலாம். "பழைய ஜல்லியா, வேண்டாம்" என்று உங்கள் இன்ஜினீயர் சொன்னால் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

எதைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது?

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள், எங்களிடம் கொண்டும் வராதீர்கள். அந்தத் தூள் நுரையீரலில் தங்கிவிடும். ரயில்வே சிலிப்பர் கட்டையில் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏறியிருக்கும், வீட்டுக்குள் வேண்டாம். பழைய முறுக்குக் கம்பியை நிமிர்த்தி விற்பதைப் பாரம் தாங்கும் இடத்தில் போடாதீர்கள்.

பழைய பெயின்ட்டைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதியே 2016-ல்தான் வந்தது. அதற்கு முன் அடித்த கதவில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தீ காட்டி உரிக்காதீர்கள். ஈரமாக்கிச் சுரண்டி, சுரண்டியதைத் தனியாகக் கட்டி வையுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளிலிருந்து வரும் பேலட் மரத்தில் முத்திரையைப் பாருங்கள். ஆங்கிலத்தில் எச்.டி. என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிஷம் சூடேற்றப்பட்டது, தைரியமாக எடுக்கலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது. அது வேண்டாம்.

மெஷின் வந்தால் ஆசாரிகளின் வேலை போய்விடாதா?

எங்கள் பட்டறையில் மூத்த ஆசாரி ஒருவர் இருக்கிறார். கட்டையைக் கையில் ஏந்தி, ஒரு நுனியை விரலால் தட்டி, இன்னொரு நுனியைக் காதில் வைத்துக் கேட்பார். உள்ளே பிளவு இருந்தால் சொல்லிவிடுவார். ஸ்கேனருக்கு மேல்தோல் மட்டும்தான் தெரியும். எங்கள் பட்டியலில் ஒவ்வொரு கட்டைக்கும் நீளம், அகலம் என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் "அண்ணன் என்ன சொன்னார்" என்று ஒரு கட்டம் உண்டு. அவர் வேண்டாம் என்றால் கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும் வேண்டாம்தான். மெஷின் எடுத்துக்கொண்டது ஒரே மாதிரி நாற்பது துளை போடும் வேலையை. அதை விட்டதில் அவருக்கு வருத்தம் இல்லை, முதுகுவலிதான் குறைந்திருக்கிறது.

புது மரத்தைவிட மலிவாக முடியுமா?

மரம் மலிவு, கூலி அதிகம். பழைய மரத்தைக் கன அடிக் கணக்கில் விற்பார்கள். பத்தடி நீளம், நாலு அங்குல உயரம், மூன்று அங்குல அகலம் என்றால் முக்கால் கன அடிக்குச் சற்று மேல், சரியாக 0.83. இதில் நுனிகள் இரண்டடி கழிந்தால் 0.67-தான் மிஞ்சும். வாங்கும்போது கழிவுக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறோம் என்பதை மறக்காமல் பேரம் பேசுங்கள். ஆணி எடுக்க, அளக்க, பட்டியல் போட ஆகும் நாள்களையும் கூட்டினால் சாதாரண புது மரத்தைவிட அதிகமாகவே வரலாம். அதே தரத் தேக்கைப் புதிதாக வாங்குவதோடு ஒப்பிட்டால்தான் லாபம் தெரியும்.

பாரம் தாங்கும் இடத்தில் வைக்கலாமா?

கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்துப் போட்டால் வைக்கலாம். போடாவிட்டால் அலமாரி, தடுப்பு, பெஞ்சு, கதவு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு அடுத்த மாதம் இடிபடுகிறது. இப்போதே என்ன செய்ய வேண்டும்?

இடிப்பு கான்ட்ராக்டரிடம் ரேட் பேசும் முன் எங்களையோ வேறு யாரையோ கூப்பிட்டுவிடுங்கள். மரம் அவருக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் பிறகு உங்கள் வீட்டுக் கதவையே நீங்கள் விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். ஜேசிபி வருவதற்கு முன் கையால் பிரிக்க எத்தனை நாள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, ஒவ்வொரு அறையாகப் போட்டோ எடுங்கள். உத்தரங்களுக்கு வாசல் பக்கத்திலிருந்து எண் போடுங்கள். கதவுக்கும் அதன் நிலைக்கும் ஒரே எண் கொடுங்கள். பழைய வீடுகளில் ஒரு கதவு இன்னொரு நிலையில் உட்காரவே உட்காராது. எண்ணை முகத்தில் எழுதினால் இழைக்கும்போது போய்விடும், கீல் உட்காரும் பள்ளத்துக்குள் எழுதுங்கள். கழற்றிய கீல், கொண்டி, திருகாணி எல்லாவற்றையும் கதவு வாரியாகத் தனித்தனிப் பையில் போட்டு, அதே எண்ணை ஒட்டி, அந்தந்தக் கதவிலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.